ஓடும்போது மட்டும் வர்ற சத்தம்

அய்யோ, இல்ல டாக்டரம்மா, கோவிச்சுக்கிட்டுல்லாம் இல்ல. உங்க மேல அவருக்கு என்ன கோவம்? முதலாளிதான் சொன்னாரு, நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டில போனா பாதி வழியிலயே வாக்குவாதம் வந்துடும், நீ வேணாம், உன் வீட்டுக்காரிய அனுப்புன்னு. எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. சந்தோஷமாவே சரின்னாரு. நீ போய் பக்கத்துல உக்காரு, பெரிய ரோட்ல போகும்போது சத்தம் ஒண்ணும் வரலன்னு அந்தம்மாவுக்கு நீயே காட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பினாரு. பொம்பள சொன்னா பொம்பள நம்புவாங்களாம்.

ஆமா, பாப்பா அவருகிட்டதான் இருக்கா. பெரிய ரோட்ல ஏறி, அந்த பாலம் வரைக்கும் போயிட்டு திரும்பிடலாம் இல்லையா? அதுக்குள்ளயே தெரிஞ்சுடும்.

இல்ல இல்ல, வசதியாதான் உக்காந்திருக்கேன். எனக்கு எங்க உக்காந்தாலும் ஓரமா ஒட்டிக்கிட்டுதான் பழக்கம்.

நான் இப்படி பேசுறது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். எனக்கே ஆச்சரியமாதான் இருக்கு. பட்டறையில என்ன ஊமைக்கிளின்னு சொல்லுவாங்க. டிங்கர் அண்ணன் இருக்காரு இல்ல, தகரம் தட்டி நேராக்குறவரு, அவரு வெச்ச பேரு. எங்க மாமியார் அவருக்கும் மேல. எம்புள்ள ஒரு போட்டோவக் கட்டிக்கிட்டு வந்திருக்கான், மாட்டி வெச்சா அழகா இருக்கும், கூப்பிட்டா பேசாதுன்னு சொல்லுவாங்க. அஞ்சாவதோட என் படிப்ப நிறுத்தினதுக்கும் அதான் காரணம். பாடம் தெரியும், டீச்சர் எழுப்பிக் கேட்டா வாய் தெறக்காது. வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும், நீ எப்படிடி பொழைக்கப் போறன்னு எங்க அம்மா தலைல அடிச்சுப்பாங்க. இப்ப நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுறீங்க, என் மூஞ்சியப் பாக்கல, அதான் பேச்சு வருது. திரும்பாதீங்க டாக்டரம்மா, எதுக்க லாரி வருது.

நீங்க முந்தாநாள் வந்து சொல்லிட்டுப் போனீங்களே, இதான் கடைசி, இதுக்கு மேல முடியாது, வேற பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்னு. நான் அப்ப பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்கள தப்பு சொல்லல. மூணு தடவ வந்தாச்சு, யாருக்கா இருந்தாலும் சலிச்சுப் போகும். ஆனா நீங்க போனதும் முதலாளி அவர கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? அந்த வண்டி இந்த கேட்டத் தாண்டி வேற பட்டறைக்குப் போச்சுன்னா, அது பின்னாடியே நீயும் போயிடுன்னாரு. போன்னா என்ன அர்த்தம்? வேலை மட்டும் இல்ல. நாங்க இருக்கற ரூம் பட்டறையோட ரூம்தான். பெயிண்டு டப்பா வெக்கறதுக்குக் கட்டினது. வெள்ளையடிச்சு, ஜன்னலுக்கு அவரே ரப்பர் போட்டு, ஒரு தொட்டில் மாட்டி, இப்ப அதான் எங்க வீடு. ஜன்னலச் சாத்தினா ஒரு தூசி உள்ள வராது. அந்த மாதிரி ஜன்னல் முதலாளி வீட்லயே கிடையாது.

அவரு வேலை தெரியாதவரு இல்ல டாக்டரம்மா. பட்டறையில அவருக்கு ரப்பர்னுதான் பேரு. டேய் ரப்பருன்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாணத்துக்கு வந்தவங்ககூட ரப்பருக்கு கல்யாணம்னுதான் பேசிக்கிட்டாங்க. கண்ணாடியும் ரப்பரும்னா எந்த வண்டியா இருந்தாலும் அவருகிட்டதான் வரும்.

மொத தடவ வந்துச்சு இல்ல, உங்க மடியில மழைத்தண்ணி ஊத்துதுன்னு. பழைய ரப்பர் காஞ்ச செருப்பு மாதிரி இருந்துச்சு, விரலால கிள்ளினா உதிரும். அத்தனையும் பிச்சுட்டு புதுசு போட்டாரு. புது ரப்பர் தடியா இருக்குமா, கதவு சாத்தவே மாட்டேனுச்சு. நீங்க வந்து இடுப்பால ஒரு இடி இடிச்சீங்களே, நான் பாத்தேன். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, உள்ள போயிட்டேன்.

சிரிங்க, பரவாயில்ல.

மத்த வண்டின்னா கண்ணாடியச் சுத்தி கதவுலயே ஒரு சட்டம் இருக்கும், கண்ணாடி அதுக்குள்ள ஏறி நின்னுக்கும். உங்க வண்டில கூரை துணி. கதவுக்கு மேல ஒண்ணுமே கிடையாது. கண்ணாடி தனி ஆளா மேல ஏறி, துணிக் கூரையோட ஓரத்துல இருக்கற ரப்பர தானே போய் தொடணும். ரொம்ப அழுத்தினா கதவு சாத்தாது, கொஞ்சம் விட்டா தண்ணி வரும். கதவுக்குள்ள கண்ணாடிய மேல நிறுத்தற போல்ட்டு ஒண்ணு இருக்கு, உள்பக்கம் வெளிப்பக்கம் சாய்க்கறதுக்கு வேற இருக்கு. அது கால் சுத்து, இது அரைச் சுத்துன்னு திருப்பிக்கிட்டே இருப்பாரு. ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு விலகும். மாமியாரையும் மருமகளையும் ஒரே நேரத்துல சிரிக்க வெக்கற மாதிரின்னு அவரே சொல்லுவாரு.

உங்க வேலையும் கிட்டத்தட்ட இதுதானே. எனக்கு ஒரு தடவ பல்லு அடைச்சாங்க, வேற ஒரு டாக்டரு. அடைச்சுட்டு ஒரு கலர் பேப்பரக் குடுத்து கடி, நல்லா அரைன்னாங்க. எங்க கறை ஒட்டியிருக்கோ அங்க ராவுனாங்க. நாங்களும் அப்படித்தான். கண்ணாடி ஓரத்துல சாக்பீஸத் தேய்ச்சுட்டு கதவ சாத்தித் தெறப்போம். ரப்பர்ல எங்க வெள்ளை ஒட்டலையோ அங்க இடைவெளின்னு அர்த்தம். அப்புறம் ஒரு பேப்பர் துண்ட நடுவுல வெச்சு சாத்திட்டு இழுத்துப் பாப்போம். லேசா பிடிச்சுக்கிட்டு வரணும். சும்மா வழுக்கிக்கிட்டு வந்தா ஆகாது.

நான்னா, ஆமா, நானும்தான். கல்யாணமாகி வந்த புதுசுலேர்ந்தே. தண்ணி அடிச்சுப் பாக்கும்போது உள்ள ஒரு ஆள் உக்காரணும். மத்த ஆளுங்களுக்கு அவங்கவங்க வேலை. ஒரு நாள் என்னக் கூப்பிட்டாரு. உள்ள உக்காரு, எங்க சொட்டுதோ அங்க சாக்பீஸால கோடு போடு, அவ்வளவுதான்னாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டா உள்ள யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க. வெளிய அவரு பைப்ப வெச்சு மேலேர்ந்து ஊத்துவாரு, நாலு பக்கமும் தண்ணி இறங்கும். அவரு மூஞ்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலங்கலா தெரியும். பேசினா கேக்காது, அதனால எல்லாம் கையாலதான். கட்டவிரல மடக்கினா சொட்டுதுன்னு அர்த்தம். உள்ளங்கையக் காட்டினா காஞ்சிருக்குன்னு அர்த்தம். பாப்பா வயித்துல இருக்கும்போதுகூட உக்காந்திருக்கேன். அப்பறம் வீட்லயும் அதே பழக்கம் ஆயிடுச்சு. சாப்பிட வாங்கன்னா ஒரு கை, பால் இல்லன்னா ஒரு கை. டிங்கர் அண்ணன் பாத்துட்டு, என்னடா புருஷனும் பொண்டாட்டியும் ட்ராபிக் போலீஸ் மாதிரி வாழ்றீங்கன்னாரு.

ரெண்டாவது தடவ ஏன் வந்துச்சுன்னு கேக்கறீங்களா? அது அவரு தப்புதான், ஒத்துக்கிட்டாரு. அடியில துரு எடுக்கறதுக்காக டிங்கர் அண்ணன் வண்டிய ஸ்டாண்டு மேல தூக்கி வெச்சிருந்தாரு. நீங்க சீக்கிரம் வேணும்னு சொன்னதால இவரு வண்டி ஸ்டாண்டு மேல இருக்கும்போதே கண்ணாடி செட் பண்ணிட்டாரு. மேல தகரக் கூரை இருந்தா வண்டி பொட்டி மாதிரி விறைப்பா நிக்கும். உங்க வண்டிக்கு அது இல்லையா, தூக்கினா நடுவுல லேசா வளையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா கதவும் கண்ணாடியும் காட்டிக் குடுத்துடும். தூக்கி வெச்சப்ப பேப்பர் எல்லா இடத்துலயும் பிடிச்சுது. தரையில இறக்கி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனதும் உங்களுக்கு பின்பக்கம் விரல் போற அளவுக்கு சந்து. அவரு அன்னைக்கு சாப்பிடவே இல்ல. தரையில வெச்சு, மொதல்ல கதவு, அப்புறம் முன்னாடி இருக்கற சின்ன முக்கோணக் கண்ணாடி, அதுக்கப்புறம் பெரிய கண்ணாடி, கடைசியிலதான் கூரைன்னு முதல்லேர்ந்து எல்லாத்தையும் செஞ்சாரு. தண்ணி அடிச்சோம், ஒரு சொட்டு வரல. நான்தான் உள்ள உக்காந்திருந்தேன், சத்தியமா ஒரு சொட்டு வரல.

அப்புறம்தான் இந்த விசில்.

இங்க ஏறிடுங்க, ரோடு காலியா இருக்கு. கொஞ்சம் வேகமா போங்க. பயம்லாம் இல்ல. இன்னும் கொஞ்சம்.

ம். வந்துடுச்சு. கேக்குது இல்ல? உங்க பக்கம் இல்ல, என் பக்கம். குழலோட ஓட்டையில மெல்லிசா ஊதற மாதிரி. நீங்க சொன்னது பொய்யில்ல டாக்டரம்மா. இத கேட்டுக்கிட்டே தினமும் ஓட்டினா தலைவலி வராம என்ன செய்யும்?

இருங்க, அப்படியே போங்க, வேகத்தக் குறைக்காதீங்க. நான் ஒரு டிஷ்யூ பேப்பர் கிழிச்சுக் கொண்டு வந்திருக்கேன். இங்க கீழ வெச்சா சும்மா தொங்குது. நடுவுல சும்மா தொங்குது. இதோ, முக்கோணக் கண்ணாடியும் பெரிய கண்ணாடியும் கூரையத் தொடற இந்த முன்மூலை. ஆடுது பாருங்க, வால் மாதிரி. இல்ல, நீங்க பாக்காதீங்க, நான் சொல்றேன்.

இப்ப கூரைய உள்ளேர்ந்து தொட்டுப் பாக்கறேன். அடேயப்பா, துணி மேல உப்பிக்கிட்டு நிக்குது. காத்து வெளிய இழுக்குது. நான் இந்த ஓரத்துல பிடிச்சு கீழ இழுக்கறேன், கேளுங்க. நின்னுடுச்சா? விடறேன். வருது. இழுக்கறேன். நின்னுடுச்சு. அவ்வளவுதான் விஷயம். நிக்கும்போது எல்லாம் ஒட்டியிருக்கு. ஓடும்போது கூரை தூக்குது, இந்த ஒரு மூலையில மட்டும் கண்ணாடிக்கு எட்டல. கண்ணாடிய மயிரிழை மேல ஏத்தி உள்பக்கம் சாய்ச்சா போதும். இல்ல கூரையோட கொக்கிய கொஞ்சம் இறுக்கணும். அவருக்கு இது அரை மணி நேர வேலை.

போதும் டாக்டரம்மா, திரும்பிடலாம். அந்த வளைவுல திரும்பலாம்.

இதையே அவருகிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னா, சொல்லலாம். சொல்லியும் பாத்தாச்சு. நீங்க ரெண்டாவது தடவ வாங்கிட்டுப் போய் விசில் வருதுன்னு சொன்னதுமே, முதலாளி அவர பக்கத்துல உக்கார வெச்சு இதே ரோட்ல ஓட்டிட்டு வந்தாரு. திரும்பி வந்தப்ப ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பாத்துக்கிட்டு இறங்கினாங்க. முதலாளி சொல்றாரு, காதக் கிழிக்குது. இவரு சொல்றாரு, ஒண்ணுமே இல்ல, இன்ஜின் சத்தத்தத் தவிர ஒண்ணுமே வரல, கண்ணாடியில காத வெச்சே கேட்டேன். முதலாளிக்கு மூஞ்சி செவந்து போச்சு. என் காதுக்கு நேரா விசிலடிக்குது, என் மூஞ்சிக்கு நேரா இல்லங்கறான், வேலைய ஒழுங்கா செய்யாம சாதிக்கறான்னு பட்டறை முழுக்கக் கத்தினாரு. இவரு பதிலுக்குக் குரல ஒசத்தினாரு. இப்பல்லாம் எதுக்குன்னாலும் குரல் ஒசந்துதான் வருது அவருக்கு. முதலாளி அதையும் சேத்து வெச்சிருக்காரு. திமிராம். பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறான், அவ்வளவு திமிருங்கறாரு.

அன்னைக்கு அவரு ரூமுக்குள்ள வந்து சுவத்தப் பாத்து உக்காந்துட்டாரு. இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமர்கிட்டயும் நான் பொய் சொன்னதில்ல, இல்லாத சத்தத்த எப்படி இருக்குன்னு சொல்றதுன்னாரு. நீங்களும் முதலாளியும் சேந்துக்கிட்டு அவர விரட்டப் பாக்கறீங்கன்னுகூட நெனச்சாரு. தப்பா எடுத்துக்காதீங்க. அவமானத்துல இருக்கற மனுஷனுக்கு என்னென்னவோ தோணும். அப்புறம் கதவ மறுபடி பிரிச்சாரு. எல்லாத்தையும் கழட்டி, தொடைச்சு, சாக்பீஸ் போட்டுப் பாத்து, பேப்பர் இழுத்துப் பாத்து, அப்படியே திருப்பி மாட்டினாரு. எது தப்புன்னு தெரியாம எத சரி பண்றது? அப்படித்தான் இன்னைக்கு உங்ககிட்ட குடுத்திருக்காரு.

அதனாலதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க.

இப்ப பட்டறைக்குப் போனதும் அவரு உங்ககிட்ட வந்து கேப்பாரு. நீங்க விசில்னு சொல்லாதீங்க. சத்தங்கற பேச்சே எடுக்காதீங்க. தண்ணி வருதுன்னு சொல்லுங்க.

ஆமா, தண்ணி. ஒரு நாள் மழையில ஓட்டிக்கிட்டுப் போனேன், நிக்கும்போது ஒண்ணுமில்ல, வேகமா போகும்போது மட்டும் இந்த மூலையில சொட்டுச்சுன்னு சொல்லுங்க. நான் இந்த இடத்துல சாக்பீஸால கோடு போட்டுடறேன். போதும். ஓடும்போது மட்டும்னா கூரை தூக்குதுன்னு அவருக்கே புரிஞ்சுடும், நான் சொல்லிக் குடுக்க வேணாம். தண்ணின்னா நம்புவாரு. தண்ணிய கண்ணால பாக்கலாம் இல்ல.

பொய்தான். பொய்தான் டாக்டரம்மா. உங்களப் போய் பொய் சொல்லச் சொல்றேன், எனக்கு உடம்பே கூசுது. ஆனா வேற வழி எனக்குத் தோணல. சரி பண்ணிட்டாருன்னா உங்களுக்கு சத்தம் நின்னுடும், நீங்க முதலாளிக்கு ஒரு வார்த்த, இப்ப சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க அங்கயே இருந்துப்போம். புள்ளய வெச்சுக்கிட்டு எங்க போய் ரூம் தேடறது? அவங்க அம்மா வீட்ல ஏற்கெனவே ரெண்டு குடும்பம் இருக்கு. என் அம்மா வீட்ல நான் இருந்தப்பவே எடம் இல்ல.

நீங்க சொல்றது நியாயம்தான். ஒரு பிடிவாதக்கார ஆம்பளைக்காக நான் ஏன் பொய் சொல்லணும், தப்புன்னு ஒத்துக்கச் சொல்லுன்னு சொல்றீங்க. நானும் பிடிவாதம்னுதான் நெனச்சேன். ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பெட்டிக்கடைகிட்ட கொஞ்சம் ஓரமா நிறுத்தறீங்களா? தெரு திரும்பினா பட்டறை வந்துடும். இல்ல, ஒண்ணுமில்ல, மயக்கம்லாம் இல்ல. தண்ணி வேணாம். நிறுத்திட்டீங்கன்னா நீங்க என்னப் பாப்பீங்க, எனக்குப் பேச வராது. கொஞ்ச நேரம் அந்தக் கடையவே பாத்துக்கிட்டு இருங்க.

போன மாசம் ஒரு காலையில அடுப்புல குக்கர் வெச்சுட்டு, நான் குளிச்சுட்டு வந்துடறேன், மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். கையால மூணு காட்டிட்டுத்தான் போனேன். அவரு அடுப்புக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஏதோ போல்ட்டு தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் குளிச்சுக்கிட்டே இருக்கேன், விசில் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. கருகின வாசனை வந்ததும் ஈரத்தோட ஓடி வரேன். அவரு அங்கயேதான் இருக்காரு. மூக்க உறிஞ்சி மோந்து பாத்துட்டு என்னப் பாத்துக் கேக்கறாரு, என்ன இது, ஒரு விசில்கூட வரலையே, குக்கர் கெட்டுப் போச்சா? சிரிப்பு வெளையாட்டு இல்ல டாக்டரம்மா. நெஜமா கேக்கறாரு. அன்னைக்கு சாயங்காலமே குக்கரோட ரப்பர மாத்திட்டு வந்து குடுத்தாரு. அவருக்கு எது கெட்டாலும் ரப்பர்தான்.

அவருக்குக் கேக்கல. அதான் விஷயம்.

எல்லாம் கேக்காம இல்ல. ஆம்பளைங்க பேசறது கேக்குது, இன்ஜின் கேக்குது, சுத்தியல் கேக்குது. மெல்லிசா, கூரா வர்ற சத்தம்தான் கேக்கல. அந்த தகரம் தட்டற எடத்துலயே இத்தனை வருஷமா நின்னாரு, பக்கத்துலயே கிரைண்டர் ஓடும். அதுவா, வேற எதாவதா, எனக்கென்ன தெரியும்? எப்படி இத்தனை நாள் தெரியாம இருந்தன்னு நீங்க கேக்கலாம். நான் பேசறதே யாருக்கும் கேக்காதே டாக்டரம்மா. பிறந்ததுலேர்ந்து எல்லாரும் என்ன, என்ன சொன்ன, சத்தமா சொல்லுன்னுதான் கேட்டிருக்காங்க. அவரும் கேட்டாரு. நான் என் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தக் கைப் பேச்சு வேற. வாயத் தெறக்க வேண்டிய வேலையே எங்களுக்கு இல்லாமப் போச்சு.

இல்ல. அவருக்குத் தெரியாது. அதான் பெரிய கொடுமை. உலகத்துல சத்தம் கம்மியாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. முதலாளிக்குத் தெரிஞ்சா கேக்கவே வேணாம். காது கேக்காதவன் கைல கண்ணாடி வேலைய யாரு குடுப்பாங்க? அவருகிட்ட சொல்லிடலாம்னு ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. என் கையில அதுக்கு ஒரு சாடை இல்ல. எந்த விரல மடக்கி அதச் சொல்றது?

நீங்க பல்லு பாக்கறவங்கன்னு தெரியும். ஆனா கூடப் படிச்சவங்க யாராவது காது பாக்கறவங்க இருப்பாங்க இல்ல? பாத்தா சரியாகுமா? ஆகலாம்னா சொல்லுங்க, ஆகாதுன்னா இன்னைக்கு சொல்லாதீங்க.

சரி. போலாம். நான் அழல, கண்ணு உறுத்துது, அவ்வளவுதான். பாப்பாவுக்குப் பால் குடுக்கற நேரம் தாண்டிடுச்சு, அதான் ஒரு மாதிரி இருக்கு. மெதுவா திரும்புங்க, முனையில பள்ளம்.

அதோ, கேட்டுலயே நிக்கறாரு பாருங்க. வண்டியப் பாத்துட்டாரு. கையத் தூக்கி ஆட்டிக் கேக்கறாரு, என்னாச்சு, சத்தம் இல்லதானேன்னு. சிரிக்கறாரு. காலையிலேர்ந்து இப்பதான் சிரிக்கறாரு.

டாக்டரம்மா, ரெண்டு கையும் காலியா இருக்கு.

பாப்பாவ கையிலயே வெச்சிருங்க, கீழ விடாதீங்க, தூங்கினாலும் தோள்லயே போட்டுக்குங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டு வந்தேன். தோள்ல இருந்தா உடம்பு குலுங்கறத வெச்சாவது தெரிஞ்சுக்குவாரு. தூங்கிட்டான்னு தொட்டில்ல போட்டுட்டு இங்க வந்து நிக்கறாரு. எப்ப வந்தாரோ.

உங்க பக்கத்துக் கண்ணாடிய எறக்குங்க. முழுசா எறக்குங்க. கேக்குதா? இன்னைக்கு லீவு, பட்டறையில சத்தம் இல்ல, நல்லாவே கேக்கும். பின்னாடி எங்க ரூம்லேர்ந்து. குரல் கம்மிப் போயிருக்கு, ரொம்ப நேரமா அழுதிருக்கா. அவருக்கு முதுகுக்குப் பின்னாடிதான் டாக்டரம்மா, அந்தக் கதவுதான், தெறந்துதான் இருக்கு.

இங்கயே நிறுத்துங்க, நான் எறங்கி ஓடிடறேன். நீங்க மெதுவா உள்ள கொண்டு வாங்க. அவரு உங்ககிட்டதான் வருவாரு. தண்ணின்னு சொல்றீங்களோ, உள்ளதச் சொல்றீங்களோ, அவரு மூஞ்சியப் பாத்து உங்களுக்கு எது தோணுதோ அதச் சொல்லுங்க. கொஞ்சம் நின்னு பேசினீங்கன்னா பாப்பாவப் பத்தியும் சொல்லுவாரு, யார் வந்தாலும் பெருமையா சொல்றதுதான். எங்க புள்ள தங்கம் டாக்டரம்மா, அழறதே இல்லன்னு.